மூடிய ஷட்டரைத் திறந்திருக்கிறது என்று சாதிக்கும் 50 ரூபாய்ச் சென்சார்

ஷட்டர் மூடியிருக்கிறது. கீழ்ப்பட்டை தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது, கையால் தூக்கிப் பார்த்தாலும் அசையவில்லை. கைபேசித் திரையில் மட்டும் சிவப்பு எழுத்தில் ‘திறந்திருக்கிறது’ என்று மின்னுகிறது. என் கண்ணை நம்புவதா, அந்தத் திரையை நம்புவதா? இந்த ஒரு கேள்வியில் என் தூக்கம், பொறுமை, வீட்டில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதை எல்லாம் போய்விட்டது.

கார் ஷெட் ஷட்டரைக் கைபேசியால் திறக்கும் சாதனத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வைஃபை உள்ள குட்டிக் கணினியான இஎஸ்பி8266 போர்டு ஒன்று, அது சொன்னால் பட்டனை அழுத்துவதுபோல வேலை செய்யும் மின்சுவிட்சான ரிலே ஒன்று, சுவரில் இருக்கும் பட்டனுக்கு இணையாக இரண்டு வயர். முடிந்தது, கை தட்டுங்கள். திறப்பது எளிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஷட்டர் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று அறிந்துகொள்வதில்தான் உயிரே போகிறது. அந்த இடம் வந்ததும் எல்லா வித்துவான்களும் ஒரே வரியில் நழுவிவிடுகிறார்கள்: ‘கதவில் ஒரு காந்தத்தையும் நிலைச்சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்சையும் ஒட்டிக்கொள்ளுங்கள்.’ ஒட்டிக்கொள்ளுங்களாம்! எந்தக் கதவில், எந்த ஊரில் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

என் 50 ரூபாய்ச் சென்சார் இந்த ரீட் சுவிட்ச்தான். இது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் ஒட்டும், போனால் விலகும். 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. ஈரமும் தூசியும் உள்ளே போகாதபடி கண்ணாடியை உருக்கி மூடிவிடுவார்கள். அந்த மனிதர் தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்துவைத்துப் போயிருக்கிறார். என் ஆத்திரம் முழுவதும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே இருப்பவற்றின் மேல்.

முதலில் இரும்பு. சென்சாரின் அட்டையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி தாங்கும் என்று போட்டிருக்கிறது. மரக்கதவில் தாங்கும். நம் ஊரில் மரத்தாலான கார் ஷெட் கதவை எங்கே பார்த்தீர்கள்? எல்லாம் சுருள் ஷட்டர், முழுக்க இரும்பு. காந்தத்தை இரும்புத் தகட்டில் நேரடியாக ஒட்டினால் அதன் விசையில் பெரும்பகுதி அந்தத் தகட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போய்விடும். சுவிட்சுக்கு மிச்சம் மீதிதான். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்தால் நிலைமை மாறும். இந்த ஒரு வரியை அட்டையில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்? நாகர்கோவில் கடையில் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான் சார், ஸ்டிக்கரை உரித்து ஒட்ட வேண்டியதுதான்” என்கிறார். அந்த ஸ்டிக்கரின் லட்சணம் ஒரு பங்குனி வெயிலுக்குத் தாங்கவில்லை.

அடுத்தது உப்புக்காற்று. நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம், கடல் கூப்பிடு தூரத்தில். இங்கே கேட்டுக் கீலிலிருந்து சைக்கிள் செயின்வரை எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. கண்ணாடிக் குழாய் அப்படியே புத்தம்புதிதாகப் பளபளக்கிறது. அதிலிருந்து வெளியே வரும் கால்கள் துருவேறி முறிந்துவிடுகின்றன. வயர் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்து, தொட்டாலே பொடியாக உதிர்கிறது. கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த நாட்டு எலக்ட்ரீஷியன்களுக்கு யார் வரம் கொடுத்தது? கடற்கரையில் அந்த டேப் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் பை, அவ்வளவுதான். ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடுகாட்டி இறுக்கினால் நிற்கிறது. அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும் என்பதால் செய்ய மாட்டார்கள்.

உப்பு போதாதென்று மணல். எங்கள் ஊர்க் கறுப்பு மணலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இல்மனைட், மோனசைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று அதில் இல்லாத தாது கிடையாது. அதில் இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும். ஆலையில் அதைப் பிரித்தெடுப்பதே காந்தத்தைக் கொண்டுதான். நானோ ஷட்டரின் கீழ்ப்பட்டையில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், நல்ல பலமான நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன். காற்று கொண்டுவந்து வாசலில் கொட்டும் மணலை அது சும்மா விடுமா? டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தபோது காந்தம் இருந்த இடமே தெரியவில்லை. கன்னங்கரேலென்று முள்முள்ளாகத் தாடி வளர்ந்திருந்தது. ஷட்டரிலிருந்து உதிர்ந்த துருப்பொடியும் அதோடு சேர்ந்து மெத்தைபோலக் கெட்டிப்பட்டிருந்தது. ஷட்டர் இறங்கும்போது அந்தத் தாடி சுவிட்சின் உறையில் இடித்து, அதை வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி, ஒருநாள் எட்டாத தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. துணியால் துடைத்தால் போகாது. காந்தமும் விடாது, மணலும் விடாது. ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். இதை எந்த ஊர்ப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

ஆரல்வாய்மொழியில் மச்சான் வீட்டில் மணல் இல்லை, உப்பும் இவ்வளவு இல்லை. அங்கே காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைக் காரணமில்லாமலா நட்டுவைத்திருக்கிறார்கள்? கணவாய்க் காற்று தொடங்கிவிட்டால் மூடிய ஷட்டரின் நடுப்பகுதி உள்ளே போய் வெளியே வந்து மூச்சுவிடும். சென்சார் இருப்பதும் நடுப்பகுதியில்தான். இரவெல்லாம் ‘திறந்தது’, ‘மூடியது’, ‘திறந்தது’, ‘மூடியது’ என்று கைபேசி அலறித் தீர்க்கிறது. ஓரத்தில், ஷட்டர் ஏறி இறங்கும் காடிக்குப் பக்கத்தில் மாற்றிவைத்தால் அங்கே தகடு அவ்வளவு ஆடாது என்று சொன்னேன். இப்போது கொஞ்சம் அமைதி.

என் வீட்டுக்கு வருகிறேன். மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் வயரும் சென்சார் வயரும் ஒரே பைப்பில்! ஏன் இப்படி என்று கேட்டேன். “இரண்டும் கரண்ட்தானே சார்?” என்றார் எலக்ட்ரீஷியன். இரண்டும் பூனைச் சாதிதானே என்று பூனைக்குட்டியையும் புலியையும் ஒரே கூண்டில் அடைக்கவில்லை, அதுவரை சந்தோஷம். சுவிட்ச் விலகியிருக்கும்போது சென்சார் வயரை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்க போர்டுக்குள் இருக்கும் இழுப்பு ரெசிஸ்டர் பல பத்தாயிரம் ஓம் மதிப்புள்ளது, அதனால் அதன் பிடி பலவீனம். அதை நம்பி நீள வயரில் 3.3 வோல்ட்டை நிறுத்திவைப்பது ஓட்டைப் பல்லில் தேங்காய் கடிப்பதுதான். மோட்டார் சுழலத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயரில் ஏதோ ஒன்று துள்ளும், போர்டு கதவு நிலை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, போர்டில் சென்சார் வயர் மாட்டும் பின்னுக்கும் மின்தரைக்கும் (கிரவுண்ட்) இடையே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, தனிப் பைப்பில் முறுக்கிய ஜோடி வயர். இரண்டு பொருளும் சேர்த்து ஒரு சாயாக் காசுகூட ஆகாது. போர்டு, ரிலே, சென்சார் எல்லாவற்றையும் கட்டிக் கிட் என்று விற்கிறவன் அதையும் பொட்டலத்துக்குள் போட்டால் குடியா முழுகிவிடும்?

அந்தக் கிட்டோடு வந்த படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. சென்சாரை டி3 பின்னில் கொடுக்கச் சொல்கிறது படம். இந்தப் போர்டில் டி3, டி4, டி8 மூன்றும் எப்படி விழித்தெழ வேண்டும் என்பதையே தீர்மானிக்கும் பின்கள். விழிக்கும் நேரத்தில் டி3 மின்தரையோடு சேர்ந்திருந்தால் போர்டு புது நிரலை ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும், வேலைக்கு வராது. ஷட்டர் மூடியிருந்தால் ரீட் சுவிட்ச் அந்தப் பின்னை மின்தரையோடுதான் சேர்த்துவைத்திருக்கும். ஆக, ஷட்டர் மூடியிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் போர்டு எழுந்திருக்காது. திறந்திருந்தால் எழுந்திருக்கும். இரண்டு பருவமழையும் ஒரு சொட்டுக் குறையாமல் வாங்கிக்கொள்ளும் இந்த மாவட்டத்தில் கரண்ட் எத்தனை முறை போய் வரும் என்று கிட் தயாரித்தவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் போர்டின் பின்னாவது தெரிய வேண்டாமா? டி1, டி2 இரண்டும் சும்மாதானே கிடக்கின்றன!

போர்டு செத்துக்கிடக்கும்போது செயலி என்ன சொல்கிறது தெரியுமா? ‘மூடியிருக்கிறது.’ கரண்ட் போவதற்கு முன்னால் கடைசியாக வந்த செய்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பச்சை நிறத்தில், புன்னகையோடு சொல்கிறது. மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் சுவர்ப் பட்டனை அழுத்தி ஷட்டரைத் திறந்து, காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் தக்கலையில் உட்கார்ந்துகொண்டு பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ‘தெரியவில்லை’ என்று ஒரு நிலையைக் காட்ட இந்தச் செயலிகளுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? இந்தப் போர்டுகள் பேசிக்கொள்ளும் எம்க்யூடிடி முறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவானது. சாதனத்தின் தொடர்பு அறுந்தால் ‘இவன் இப்போது இல்லை’ என்று தானாக அறிவிக்கும் ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தவும் சோம்பல்.

இனி அந்த இராத்திரிக் கூத்து. ‘இரவு பத்து மணிக்குத் திறந்திருந்தால் மூடு’ என்று ஓர் ஏற்பாடு கிட்டின் நிரலிலேயே வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் மோட்டாருக்கு ஒரே பட்டன்: அழுத்தினால் ஏறும், இன்னொரு முறை அழுத்தினால் இறங்கும். ஐப்பசி மழை, கடும் இரைச்சல். ஷட்டர் ஒழுங்காக மூடித்தான் இருந்தது. சென்சார் வயரில் களிம்பு பிடித்து இணைப்பு அறுந்ததால் போர்டு ‘திறந்திருக்கிறது’ என்று முடிவு கட்டி, மூடுவதாக நினைத்துப் பட்டனை அழுத்தியது. ஷட்டர் ஏறியது. சற்று நேரம் கழித்துப் பார்த்தது, இன்னும் ‘திறந்திருக்கிறது’. மறுபடி அழுத்தியது, இறங்கியது. மறுபடி பார்த்தது. விடியும்வரை இதேதான், ஏற்றமும் இறக்கமும். கடைசியில் மாமாதான் எழுந்துபோய் மெயினை இறக்கினார். “மருமகனே, நாங்களெல்லாம் கையால் தூக்கின ஷட்டர் ஒருநாளும் தானாக எழுந்து நடக்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் பக்கத்து வீட்டுச் சித்தி கேட்கிறார்கள்: “மக்களே, அந்த மழையில் ராத்திரி முழுக்க வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போய்ப் போய் வந்தாய்?”

சிரிப்பதற்குச் சரி. அந்த ஷட்டருக்கு அடியில் ஒரு நாயோ குழந்தையோ இருந்திருந்தால்? அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு கேரேஜ் மோட்டார்களில், இறங்கும் கதவுக்கு அடியில் எதுவும் அகப்படாமல் காக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். அந்தக் கதவுகளை மனத்தில் வைத்து எழுதிய நிரலை எடுத்து, அப்படி ஒன்றுமே இல்லாத நம் சுருள் ஷட்டர் மோட்டாரில் மாட்டி விற்கிறார்கள். வயர் அறுந்தால் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டுவது பாதுகாப்பான பொய். ஓடிப்போய்ப் பார்ப்போம், திட்டிவிட்டுத் திரும்புவோம். ஒற்றைப் பட்டன் மோட்டாரோடு தானாக மூடும் நிரலைச் சேர்த்தால் அதே பொய் வீட்டையே திறந்து போட்டுவிடுகிறது. அந்த வரிகளை நிரலிலிருந்து அன்றைக்கே வெட்டி எறிந்தேன். மூட வேண்டுமென்றால் எதிரில் நின்று, பார்த்து, அழுத்த வேண்டும்.

“பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று மச்சான் கேட்டான். போர்டு முனையில் இரண்டு சென்சார் வயரையும் ஒன்றோடொன்று தொடவை. திரை ‘மூடியது’ என்று மாறினால் போர்டு நல்லது. அடுத்து சென்சார் முனையில் தொடவை. அங்கே மாறாவிட்டால் வழியில் வயர் போய்விட்டது. அங்கும் மாறினால் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, கையில் ஒரு காந்தத்தோடு சுவிட்சை வருடிப் பார். ரீடின் நீளவாக்கில் காந்தத்தை ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் மூன்று முறைகூடப் பீப் அடிக்கும். அது கோளாறு இல்லை, காந்தப்புலத்தின் வடிவம் அப்படி. இந்த நாலு வரியைத்தான் எந்த மகானும் எழுதிவைக்கவில்லை.

இப்போது அலுமினிய உறையும் உலோகப் பின்னல் போட்ட வயரும் உள்ள, தரையில் பதிக்கும் ஷட்டர் சென்சார் ஒன்றை வரவழைத்திருக்கிறேன். விலை பழையதைப்போலப் பல மடங்கு. காந்தத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியும் போட்டுவிட்டேன். தொப்பியைக் கழற்றினால் மணல் தானாகக் கொட்டிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் யாராவது இதே வகையை வைத்து இரண்டு மழைக்காலம் தாண்டியிருந்தால், வயர் இணைப்பை எதைக் கொண்டு மூடினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ‘பேசாமல் ஒரு கேமரா வைத்துவிடுங்கள்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து நகருங்கள். அந்தக் கண்ணாடியிலும் இதே உப்புத்தான் படியும்.