அலுமினியமும் அரிக்கும்

தம்பி, "போர் விமானத்தின் உடம்பு அலுமினியம், கறள் பிடிக்காது, கடலோரப் பலாலி விமானத்தளத்தில் நின்றாலும் உப்புக்காற்று ஒன்றும் செய்யாது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இரும்பின் சிவப்புக் கறள் வராது, ஆனால் அரிப்பு வரும். எங்கள் வீட்டில் உவர்க்கிணற்றுத் தண்ணீர் வைத்த அலுமினியச் சட்டியின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் ஊசிமுனை அளவு குழிகள். விமானத்தில் இன்னும் மோசம். அங்கே இருப்பது தூய அலுமினியம் அல்ல. விமானத் தகடுகளுக்குப் பயன்படும் 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலப்புலோகத்தில் வலிமைக்காக ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு சேர்க்கிறார்கள்; உப்பு ஈரத்தில் அந்தச் செம்பே அரிப்பைத் தூண்டிவிடும். எஃகு போல்ட் தொடுகிற இடத்தைக் கேட்கவே வேண்டாம். பெயின்டுக்கு அடியிலும் தகடுகள் சேரும் இடுக்கிலும் தொடங்குவதால் வெளியே பளபளவென்றுதான் தெரியும்.

அதனால்தான் கடலுக்கு மேலே தாழப் பறந்து வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்குத் தனிக் கழுவல் உண்டு. நல்ல தண்ணீர் என்றேன், எங்கள் கிணற்றுத் தண்ணீர் அல்ல! அப்புறம், அடிப்பகுதியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சிரங்கை உப்புத் தண்ணீர் தேங்கினாலே போதும்.