எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்கு வாட்ஸ் மட்டும் போதுமா?
எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருந்தால், வாட்ஸ் போதுமான எந்த ஆம்ப்ளிஃபையரும் சரிப்படும் என்று ஒரு கருத்து சுற்றுகிறது. அது அப்படி இல்லைங்க.

இந்த ஸ்பீக்கரில் ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் நிற்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) தான்; அதிர்வெண் ஏற ஏற இம்பிடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின் எதிர்ப்பு, இறங்கும். உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போலத் தெரிகிறது என்று வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 80 ஓம், 20 கிலோஹெர்ட்ஸில் வெறும் 4. மார்ட்டின்லோகன் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் சில பெரிய மாடல்களில் 1 ஓமுக்கும் கீழே போகும்! அந்த இடத்தில் திணறாமல், தானாக அலைவு (ஆசிலேஷன்) கிளம்பாமல் ஆம்ப்ளிஃபையரால் கரண்ட் தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. வாட்ஸ் எண் அதைச் சொல்லாது.

நீங்களே சரிபார்க்கலாம். ஸ்பீக்கர் கையேட்டில் 8 ஓம் என்ற எண்ணை விட்டுவிட்டு, 20 கிலோஹெர்ட்ஸில் குறைந்தபட்ச இம்பிடன்ஸ் எவ்வளவு என்று தேடுங்கள். அப்புறம் ஆம்ப்ளிஃபையர் கையேட்டில் 2 ஓம் சுமையையும் கெப்பாசிட்டர் சுமையையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால், வாங்கும் முன் தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுங்கள்.