கொடியில் கட்டிய வெள்ளை வேட்டி

குழந்தைகள் இயற்கையைக் கவனிக்கக் கோடை விடுமுறைக்குப் பணம் கட்டி முகாம் தேட வேண்டாம், வீட்டுக் கொல்லையே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சொல்வது முழு உண்மை. நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். மே மாத மழை விட்ட ஓர் இரவு, துணிக்கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டோம். அரை மணி நேரத்தில் விதவிதமான அந்துப்பூச்சிகள்! ஒன்றின் உணர்கொம்பு சின்னஞ்சிறு சீப்பு போலவே இருந்தது. வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குமிழாக இருக்கும் என்று சொன்னதும், என் மகள் காலையில் செண்டுமல்லிச் செடியருகே போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

ரோஜாப் புதரில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. ஏறக்குறைய 12 நாளில் குஞ்சு பொரிக்கும். ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கிறோம். கிட்டே போனால் தாய்க்குருவி கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.

அந்தக் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று: மலையில் இருப்பவர்கள் அந்தி சாய்ந்தபின் குழந்தைகளைத் தனியே கொல்லைக்கு அனுப்பாதீர்கள். காட்டெருமைகள் தேயிலைத் தோட்டத்திலிருந்து சத்தமில்லாமல் வீட்டு வாசல்வரை வந்துவிடுகின்றன. உண்ணிச்செடியின் பச்சைக் காய் நச்சு என்பதையும் சொல்லிவையுங்கள்.

இன்றிரவும் வேட்டியைக் கட்டச் சொல்கிறாள். கட்டப் போகிறேன்.