கோப்பைத் திறந்து வைச்சிட்டு நித்திரைக்குப் போற பெரிய மனுசருக்கு

"இந்தக் கோப்பை மற்றொரு பயனர் திருத்திக்கொண்டிருக்கிறார்."

ஆர் அந்த மற்றொரு பயனர்? அந்தாளுக்குப் பேரில்லையோ? தாய் தகப்பன் வைக்கேல்லையோ? காலமை பத்து மணியிலையிருந்து உந்த ஒரு வரியைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். கஸ்தூரியார் வீதியிலை ஒரு அச்சகத்துக்குள்ளை, பக்கம் கட்டுற தம்பிக்குப் பக்கத்திலை, கால் ஆடுற ஒரு பிளாஸ்டிக் கதிரையிலை. பின்னேரம் அச்சுப் பிளேட்டுக்குக் குடுக்கோணும். வாசிகசாலையின்ரை பவளவிழா மலர் முழுக்க முடிஞ்சுது. மிச்சம் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலையும் மிச்சம் ஒரே ஒரு அரவு, அந்த 'ா' குறி. 'வாசிகசாலை' எண்டு இருக்கவேண்டிய இடத்திலை 'வாசிகசலை' எண்டு கிடக்கு. விழாக் காணுற வாசிகசாலையின்ரை பேரே பிழை. அதுவும் கனடாக் கிளைத் தலைவற்றை வாழ்த்துரையிலை, முதல் வரியிலை.

ஒரு அரவு. ஒருக்கா விசையைத் தட்டினால் முடிஞ்சுது.

"அப்ப பக்கத்திலையே போட்டுவிடுங்கோவன்" எண்டு சொல்லுவியள். ஏலாது. போனமுறை மலரிலை ஆரோ ஒருத்தர் கடைசி நேரம் அச்சகத்திலை நிண்டு ஒரு 'திரு'வை 'அமரர்' ஆக்கிப்போட்டுப் போட்டார். ஆள் சாகேல்லை. வெளியீட்டு விழாவுக்கு வேட்டி சால்வையோடை வந்து, முன்வரிசையிலை இருந்து, மலரை விரிச்சு, தான் செத்த செய்தியைத் தானே வாசிச்சவர். அண்டைக்கு மண்டபத்திலை நடந்ததை இஞ்சை எழுத ஏலாது. அதுக்குப் பிறகு தீர்மானம்: பொதுப் போல்டரிலை கிடக்கிற கோப்பிலை திருத்தாமல் ஒரு குத்தும் பக்கத்துக்குப் போகக்கூடாது. முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு, கூட்ட அறிக்கையிலையும் எழுதியாச்சு.

அந்தப் பொதுப் போல்டர்தான் இப்ப எனக்கு வந்த ஏழரைச் சனி.

மலர்க்குழுவிலை இஞ்சை நாங்கள் கொஞ்சப்பேர். மிச்சம் எல்லாரும் ஸ்காபரோ, ஈஸ்ட்ஹாம், லாச்சப்பல், மெல்பேர்ண். ஸ்காபரோவிலை கொம்பியூட்டர் படிச்ச ஒரு தம்பி இருக்கிறார். நல்ல பிள்ளை, ஒரு சதமும் வாங்கேல்லை. "அண்ணை, மெயிலிலை அனுப்பி அனுப்பி ஒரு கட்டுரைக்குப் பத்துப் பிரதி ஆக்காதேங்கோ. நான் சேர்வர் போட்டு வெப்டவ் திறந்துவிடுறன். எல்லாற்றை கணினியிலையும் இன்னொரு ட்றைவ் எண்டு தெரியும். ஒரு கோப்பு, ஒரு இடம்" எண்டார். கேக்க எவ்வளவு வடிவாய் இருந்துது! கைதட்டினனாங்கள்.

உந்த வெப்டவ் நேற்று வந்த சாமானும் இல்லை. 1999 இலை ஆர்.எப்.சி. 2518 எண்டு இலக்கம் போட்டு இணைய விதி எழுதி வெளியிட்டவை. 2007 இலை திருத்தி 4918 எண்டு திரும்ப வெளியிட்டவை. வலையை உருவாக்கின ரிம் பேர்ணஸ்-லீ 1990 இலை எழுதின முதலாவது உலாவியிலையே பக்கத்தைத் திருத்தவும் ஏலும். பிறகு வந்த உலாவியள் அனேகமாய் வாசிக்கிறதோடை நிண்டிட்டுது. அந்தக் குறையை நிரப்பத்தான் வலைப்பக்கங்களைக் கொண்டுவாற எச்.ரி.ரி.பி. விதிக்கு மேலை இன்னும் கொஞ்சக் கட்டளையளைச் சேர்த்தவை. ரெண்டு பேர் ஒரே நேரம் ஒரு கோப்பைத் திறந்து, முதல் ஆள் சேமிச்சதுக்கு மேலை ரெண்டாவது ஆள் சேமிச்சால் முதல் ஆள் எழுதினது காத்தோடை போகும். அதை மறிக்க 'லொக்' எண்டு ஒரு கட்டளை. பூட்டின ஆளுக்குச் சேர்வர் ஒரு சீட்டுக் குடுக்கும். சீட்டில்லாமல் ஆர் எழுதப் போனாலும் 423, பூட்டிக் கிடக்கு எண்டு சொல்லித் திருப்பி அனுப்பும். வேலை முடிய 'அன்லொக்'. தாளிலை பாத்தால் தங்கம்.

அந்த விதி எழுதினவைக்கு எங்கடை சனத்தைத் தெரியாது. எங்கடை சனம் திறக்கும். மூடாது. கலியாண மண்டபத்துக் கக்கூஸை உள்ளுக்குள்ளாலை பூட்டிப்போட்டு யன்னலாலை இறங்கி வீட்டை போற ஆக்கள்.

சரி, நடந்ததைச் சொல்லுறன். பத்து மணிக்குக் கோப்பைத் திறக்கிறன். மற்றொரு பயனர். சரி, ஆரோ வேலை செய்யினம், நல்லதுதானே எண்டு பொறுத்தன். தேத்தண்ணி குடிச்சன். திறந்தன். மற்றொரு பயனர். "வாசிக்க மட்டும் திறக்கட்டோ?" எண்டு கேக்குது. வாசிச்சு என்ன செய்ய? அந்தப் பிழையை நான் வாசிச்சு வாசிச்சு இப்ப பாடமாக்கியிட்டன். "கோப்பு விடுபட்டதும் அறிவிக்கட்டோ?" எண்டும் கேக்குது. அறிவி ராசா, அறிவி. ஒண்டும் அறிவிக்கேல்லை. கணினியை நிப்பாட்டிப் போட்டன். நெற்றைக் கழட்டிப் பூட்டினன். அச்சக முதலாளி வந்து "என்ன, இன்னும் முடியேல்லையோ?" எண்டு கேட்டுப்போட்டுப் போறார். கொஞ்சம் கழிச்சுத் திரும்ப வந்து அதையே கேக்கிறார். ஐயா, முடிஞ்சால் நான் ஏன் உங்கடை உடைஞ்ச கதிரையிலை இருக்கிறன்?

பக்கம் கட்டுற தம்பி கெட்டிக்காரன். கறுப்புத் திரையிலை என்னவோ அடிச்சு, 'புரொப்பைண்ட்' கட்டளையாலை சேர்வரைக் கேட்டான், ஆர் இதைப் பூட்டினது எண்டு. பதில் வந்துது. பூட்டின ஆளின்ரை விபரம் எழுத விதியிலை ஒரு இடம் இருக்குத்தான். ஆனால் அதை நிரப்புறது பூட்டின ஆளின்ரை கணினி. அது என்ன எழுதியிருக்கு? 'யூசர்'. அவ்வளவுதான். ஐந்து நாட்டிலை இருக்கிற அத்தனை பேரும் யூசர்தானே! பூட்டு எப்ப காலாவதி எண்டு பாத்தால் 'முடிவிலி'. அப்பிடிக் கேக்கக் கணினிக்கு உரிமை இருக்காம். மாட்டன் எண்டு மறுக்கச் சேர்வருக்கும் உரிமை இருக்காம். எங்கடை சேர்வர் பண்பான சேர்வர், மறுக்கேல்லை. சீட்டு இலக்கமும் முழுசாய்க் கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. அதைக் குடுத்துத் திறக்கலாமோ? ஏலாது. சீட்டு ரகசியமில்லை, ஆனால் பூட்டின ஆளின்ரை கணக்காலை உள்ளிட்டால்தான் எடுபடும்.

அப்ப ஆரெண்டு கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் யோசிச்சன். ஒரு வாழ்த்துரையை, அதை எழுதினவரைத் தவிர இந்த உலகத்திலை வேறை ஆர் திறந்து பாக்கப்போகினம்?

பெரியப்பா! முறைக்குப் பெரியப்பா, பதவிக்குக் கனடாக் கிளைத் தலைவர்.

இஞ்சை பத்து மணி எண்டால் அங்கை சாமம் பன்னிரண்டரை. சேர்வர்காரத் தம்பிக்கு எடுத்தன், போன் நிப்பாட்டிக் கிடக்கு, இரவு வேலை போல. வேறை வழியில்லை, பெரியப்பா வீட்டு லைனுக்கு எடுத்தன். ஊரிலையிருந்து சாமத்திலை கோல் போனால் அங்கை என்ன நினைப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பெரியம்மா எடுத்தா. "ஹலோ" கூடச் சொல்லேல்லை.

"ஐயோ, ஆர் மோனை போட்டினம்?"

"ஒருத்தரும் போகேல்லைப் பெரியம்மா."

"கொம்மா சுகமாய் இருக்கிறாவோ?"

"சுகம். பெரியம்மா, பெரியப்பான்ரை லப்டொப்…"

"மறைக்காமல் சொல்லு மோனை. நான் தாங்குவன்."

ஒருத்தரும் சாகேல்லை எண்டு நம்பவைக்கவே நல்லாய் மினக்கெட்டுப் போச்சு. குஞ்சியாச்சி, மாமா, பக்கத்து வீட்டு வாத்தியார் எண்டு ஒவ்வொருத்தராய்க் கேட்டு உறுதிப்படுத்தினா. கடைசியிலை ஆள் உயிரோடை இருக்கிற விபரம் எல்லாம் முடிய, விசயத்துக்கு வந்தன். பெரியப்பா குளிசை போட்டுட்டுப் படுத்திட்டாராம், எழுப்ப ஏலாதாம். "அது சாப்பாட்டு மேசையிலை திறந்து கிடக்கு மோனை. அவர் தொடக்கூடாதெண்டு சொன்னவர்." நான் கெஞ்சிறன், "பெரியம்மா, திரையிலை மேலை வலப்பக்க மூலையிலை ஒரு பெருக்கல் அடையாளம் இருக்கும்…" "எனக்கு உதொண்டும் தெரியாது. இந்தா, மூடிவிட்டிட்டன்." டப் எண்டு சத்தம் கேட்டுது.

லப்டொப்பின்ரை மூடியை மூடிப்போட்டா!

விளங்குதோ உங்களுக்கு? கோப்பை மூடினால்தான் அன்லொக் போகும். மூடியை மூடினால் கணினி நித்திரை. அன்லொக் போகாது. சேர்வருக்குத் தெரியுமோ அந்தாள் படுத்திட்டார், கணினியும் படுத்திட்டுது எண்டு? அதுக்கு ஒண்டும் தெரியாது. "முடிவிலி" எண்டு வாக்குக் குடுத்தது, முடிவிலிவரைக்கும் காவல் நிக்கும். இப்ப பெரியப்பாவும் திருத்தேல்லை, நானும் திருத்தேல்லை. வாசிகசலை வாழ்க.

காத்திருந்த நேரம் பழைய ஆத்திரம் எல்லாம் ஒண்டொண்டாய்க் கிளம்பி வந்துது. முந்தி ஒருக்கா நான் திருத்திக்கொண்டிருக்கேக்கை கரண்ட் போட்டுது. வந்தாப்போலை அதே கோப்பைத் திறந்தால், மற்றொரு பயனர் வைச்சிருக்கிறாராம். அந்த மற்றொரு பயனர் நான்தான்! பழைய சீட்டு கரண்டோடை போட்டுது, புதுசாய் வந்த என்னை ஆரெண்டே அதுக்குத் தெரியேல்லை. என்ரை வேலையை என்னட்டையிருந்தே பாதுகாக்குது. கரண்ட் போற நாட்டுக்கு உந்தச் சாமான் சரிவராது எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கோணும்.

பிறகு அந்தக் 'கோயில் படங்கள்' கூத்து. ஒரே போல்டருக்குள்ளை ரெண்டு 'கோயில் படங்கள்'. எழுத்துக்கு எழுத்து ஒண்டு. ஒண்டுக்குள்ளை தேர், மற்றதுக்குள்ளை தீர்த்தம். ஒரே இடத்திலை ஒரே பேரிலை ரெண்டு இருக்க ஏலாதே எண்டு நானும் தலையைச் சொறியிறன். விசயம் என்னெண்டால், சில கணினி 'கோ'விலை வாற அந்த உயிர்க்குறியை ஒரே குறியாய் எழுதும். சிலது கொம்பை ஒண்டாயும் அரவை இன்னொண்டாயும் பிரிச்சு எழுதும். ரெண்டும் சமன் எண்டு யுனிகோட் சொல்லுது. சேர்வர் பைட்டைத்தான் எண்ணும், அதுக்கு ரெண்டும் வேறை. பாருங்கோ, அங்கையும் அரவுதான் என்ரை உயிரை எடுத்தது! இதுக்குள்ளை பேர் முகவரியாய்ப் போகேக்கை ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாய் வீங்கும். 'யாழ்ப்பாணம்' எண்டு ஒரு சொல் வைச்சால் 99 எழுத்து. அதுக்குள்ளை மெல்பேர்ண் அண்ணை தன்ரை கட்டுரைக்கு முழுத் தலைப்பையும், துணைத் தலைப்பையும், தன்ரை பட்டங்களையும் சேர்த்துப் பேர் வைக்கிறார்.

பெரிய படம் போட்டால் 50 எம்பிக்கு மேலை ஏலாது எண்டு சில கணினி மறிக்கும். உள்ளுக்குப் போய் ஒரு இலக்கத்தை மாத்தினால் விடும். அந்த இலக்கம் எங்கை கிடக்கெண்டு கண்டுபிடிக்கிறதுக்குள்ளை தேர் இருப்புக்கு வந்திடும். பழைய பிரதியளைக் கவனமாய் வைச்சிருக்கிற வேலையை முதல் விதியிலை சேர்க்காமலே விட்டிட்டினம். 2002 இலை ஆர்.எப்.சி. 3253 எண்டு தனியாய் எழுதினவை. எங்கடை சேர்வரிலை அது இல்லை. பலபேர் சேர்ந்து பாவிக்கிற பகிர்வுப் பூட்டு எண்டும் விதியிலை ஒண்டு இருக்கு. அதை ஆரும் பாவிச்சதை நான் என்ரை கண்ணாலை காணேல்லை. எல்லாருக்கும் தனிப்பூட்டுத்தான் வேணும். ஒண்டும் எழுதாட்டிலும் பரவாயில்லை, பூட்டு மட்டும் தன்ரையாய் இருக்கோணும். வாசிகசாலை நிர்வாகத்திலை இருந்தவைக்கு இது புதுசில்லை.

பின்னேரம் நாலரைக்கு அங்கை விடிஞ்சுது. பெரியப்பாவே எடுத்தார். குரலிலை அப்பிடி ஒரு தெளிவு, நல்ல நித்திரை கொண்டிருக்கிறார்.

"என்ன மோனை, சாமத்திலை எடுத்து இவவைப் பயப்பிடுத்திப்போட்டியாம்."

"பெரியப்பா, வாழ்த்துரையைத் திறந்து வைச்சிருக்கிறியள். என்ன திருத்தினீங்கள்?"

"நான் ஒண்டும் திருத்தேல்லை. என்ரை படம் வடிவாய் வந்திருக்கோ எண்டு சும்மா பாத்தனான்."

சும்மா பாத்தவர்! பக்கம் கட்டுற தம்பி மேசையிலை தலையை வைச்சுச் சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது, என்னத்தைச் செய்ய. "பெரியப்பா, இப்ப மூடுங்கோ. லப்டொப்பை இல்லை, கோப்பை." மூடினார். "சேமிக்கட்டோ எண்டு கேக்குது மோனை, என்ன குடுக்க?" வேண்டாம் எண்டு குடுங்கோ பெரியப்பா, உங்களுக்குக் கோடி புண்ணியம். திறந்துது. அரவைப் போட்டன். சேமிச்சன். மூடினன். பிளேட்டுக்குப் போட்டுது.

அது கிடக்கட்டும். இந்த வாழ்த்துரை எழுதுற ஆக்கள் எல்லாரும் ஏன் இருவது வரியத்துக்கு முந்தின படம் அனுப்புகினம்? கோட்டும் ரையும், கறுத்த மீசையும். "அண்ணை, இது ஆளோ, ஆளின்ரை மோனோ?" எண்டு தம்பி கேக்கிறான், நான் என்னத்தைச் சொல்ல? அதையும் ஒழுங்காய் அனுப்புகினமோ? சுவரிலை தொங்குற படத்தைக் கண்ணாடியோடை போனிலை எடுத்து, வட்ஸ்அப்பிலை போட்டு, அது இறுகிச் சுருங்கி நாப்பது கிலோபைட்டாய் வந்து சேருது. கண்ணாடியிலை ரியூப்லைற் வெளிச்சம் நெத்திக்கு நடுவிலை அடிச்சுக் கிடக்கு. அதைத்தான் பெரிசாய்ப் போடட்டாம். முழுப் பக்கத்துக்கு! கலரிலை!