கைபேசிக் கேமரா கர்ப்பகாலச் சர்க்கரையை அளக்குமா? உண்மை விளக்கம்

கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் கைபேசிக் கேமராவின் மீது விரலை வைத்தாலோ ஸ்மார்ட் கைக்கடிகாரம் அணிந்தாலோ சர்க்கரை அளவு தெரிந்துவிடும், குளுக்கோமீட்டர் இனித் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

கேமராவின் ஒளி விரல் நுனியில் படும்போது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அங்கே இரத்தம் கூடிக் குறைவதையே அது உணர்கிறது. அதைக்கொண்டு நாடித் துடிப்பைக் கணக்கிடலாமே தவிர, சர்க்கரையை அளக்க முடியாது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உடலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் சர்க்கரையை அளந்து கைபேசிக்கு அனுப்பும் தொடர் சர்க்கரை அளவியைப் (CGM) பார்த்துச் சிலர் குழம்பியிருக்கலாம். ஆனால் அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் செருகப்பட்டிருக்கிறது, கைபேசி அந்த அளவைக் காட்டுவதோடு சரி.

கர்ப்பத்தில் இந்தத் தவறு சிறியதன்று. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 95 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு. உண்மையில் 110 உள்ளவருக்குப் போலிச் செயலி 90 என்று காட்டினால், அவருக்குத் தேவையான இன்சுலின் தள்ளிப்போகும். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் குழந்தை வயிற்றில் அளவுக்கு மீறி வளரக்கூடும்.

செயலிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாய்க்குப் புரியும் மொழியில், அவர் வீட்டில் அன்றாடம் சமைக்கும் உணவை அவருக்குப் பழகிய அளவிலேயே பதியவிட்டு, நோன்பு நாட்களையும் கருத்தில் கொள்ளும் செயலி நல்ல துணை. மீட்டர் காட்டும் எண்ணை அதில் பதிந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.