கொள்ளி வைப்பது யார் என்று கேட்டவர்கள் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை

போன வாரம் நள்ளிரவில் புதுச்சேரி முதியோர் இல்லத்திலிருந்து, மறதிநோய் முற்றிய அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோனதையும், உணவு செலுத்தும் மூக்குக் குழாய் வேண்டாம் என்று நான் மன்றாடியதை அறிந்த உறவினர் ஒருவர் "பெற்ற தாயைப் பட்டினி போடப் பார்க்கிறாள்" என்று ஊரெல்லாம் சொன்னதையும் இங்குள்ள பலர் அறிவீர்கள். பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் நான்கு நாட்கள் பொறுத்திருந்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் அம்மாவைச் சேர்த்தபோது ஆறு பக்கப் படிவம் நிரப்பினேன். காப்பியா தேநீரா என்பதில் தொடங்கி, காலமானால் கொள்ளி வைப்பது யார் என்பது வரை கேட்டிருந்தார்கள். விழுங்க முடியாமல் போனால் குழாய் செருகலாமா என்று ஒரு வரி இல்லை. அன்று அம்மாவுக்கு என் பெயர் தெரியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தம்மிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களைக்கூட வரிசையாகச் சொல்வார். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்லத் தெரிந்த காலத்திலேயே கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இதைக் கருணைக்கொலை என்பவர்கள் சட்டத்தையாவது படிக்கலாம். குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில், மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று பெற்றாலே போதும் என்று எளிதாக்கியது. ஆனால், எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். மறதிநோய் முற்றியபின் கைநாட்டு வாங்கி என்ன பயன்?

சொத்துக்காகப் பிள்ளைகளே எழுதி வாங்கிவிட மாட்டார்களா என்பது நியாயமான பயம்; ஆவணம் இருந்தாலும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் செலவுக்கு அஞ்சுவதாகச் சொல்பவர்கள், இல்லத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது யார் என்று விசாரித்துவிட்டு வரட்டும்.

பட்டினி என்ற சொல்தான் தைக்கிறது. முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. ஏற்கும் அளவுக்குக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவம் பரிந்துரைக்கிறது. ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பட்டினி போடுகிறவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போலும்.

பாட்டி குழாயோடு கிடந்த நாட்களில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அம்மா, "எனக்கு இதெல்லாம் செய்துவிடாதே" என்றார். "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது" என்று நானே அவர் வாயை அடைத்தேன். அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால், இரண்டாண்டுகளாக அம்மாவை நேரில் பார்க்காத அண்ணன், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் "என்ன செலவானாலும் எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்று சொன்னது அம்மாவின் விருப்பமாக ஆகியிருக்காது.

அம்மா குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டார். இப்போது இரு கைகளையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள். வளையல் கிடந்த இடம் சிவந்திருக்கிறது. பகலில் அவிழ்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்ததும் மறுபடியும் கட்டிவிடுவார்கள்.