அழுதவனெல்லாம் அழுகுணி இல்லை

போன வாரம் ஊர் நோம்பிக்குப் போயிருந்தேன். பொடுசுகளுக்கு ஓட்டப்பந்தயம். பாதியில் ஒரு பையன் தடுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து அழுதான். மைக்கைப் பிடித்திருந்தவர், "அட அழுகுணி, எந்திரிடா" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை. வலியில் அழுகிற பிள்ளையைச் சொல்லுகிற சொல்லா அது?

அந்தச் சொல்லை நான் கற்றது காங்கேயம் பக்கம், எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில். சாக்கட்டியில் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். காய் மலையில் நின்றால் யாரும் வெட்ட முடியாது. மலைக்கு ஒரு கட்டம் முன்னால் வெட்டு வாங்கினால் நெஞ்சே வெடித்துவிடும்; மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அப்போது மாமன் மகள், "கட்டை திண்ணையை விட்டு விழுந்துருச்சு, அது செல்லாது" என்பாள். நாங்கள் ஒப்பாவிட்டால் அழுவாள். அதற்கும் மசியாவிட்டால், கட்டத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுந்து போவாள். "அழுகுணி ஆட்டம் ஆடாத அம்மிணி" என்று அமுச்சி உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

கள்ளாட்டம் ஆடுகிறவன் வேறு. கண் மறைவில் காயை ஒரு கட்டம் கூடத் தள்ளுவான். ஆனால் ஆட்டம் நடந்தாக வேண்டும் என்று அவனும் நினைப்பான். அழுகுணிக்கு, தான் தோற்கிற ஆட்டம் யாருக்குமே கூடாது. அதனால்தான் கள்ளாட்டக்காரனை மறுநாளும் சேர்த்துக்கொண்டோம், அவளைச் சேர்க்க யோசித்தோம்.

சொல் எங்கிருந்து வந்தது? அழும் குணம் உள்ளவர் என்று பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு 'அழுகண்ணி'தான் பொருத்தமாகப் படுகிறது. 'என் கண்ணம்மா' என்று உருகிப் பாடிய சித்தரின் பெயரே அழுகுணி, அழுகணி, அழுகண்ணி என்று மூன்று விதமாக வழங்குகிறது. அழுகண்ணி என்று ஒரு மூலிகையும் இருக்கிறது. அதன் இலை மயிர்களின் நுனியில் கண்ணீர் போலத் துளி துளியாக நீர் நிற்கும். ஆனால் அது பசை. பூச்சி வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், செடி அதைத் தின்றுவிடும். திண்ணையில் நாங்கள் பார்த்த கண்ணீரும் அந்த வகைதான். வெட்டுப்பட்ட காயைத் திரும்ப வாங்க வந்த கண்ணீர் அது.

அந்தப் பையன் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், எல்லாரும் முடித்த பிறகும் நொண்டிக்கொண்டே கோடு வரைக்கும் போனான்.